எக்ஸ்ரேயில் இன்னும் கோணல் தெரிகிறதே, ஆபரேஷன் வேண்டாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. போன புதன்கிழமை சாயங்காலம் மதில் சுவரிலிருந்து குதித்து, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டான். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கை வளைந்துபோயிருந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறது என்று சொல்லி, கெட்டமின் ஊசி போட்டு, அங்கேயே கையை இழுத்துச் சரிசெய்து, முழங்கைக்கு மேல்வரை பாதி மாவுக்கட்டு போட்டு இரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்தபடியே எங்கோ வெறித்துக்கொண்டிருந்தான். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. விழுவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் தோசை சாப்பிட்டிருந்தான். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகாமல் இதை அங்கேயே செய்தது சரியா? கட்டு போட்டபின் எடுத்த எக்ஸ்ரேயில் இன்னும் 12 டிகிரி சாய்வு இருக்கிறது, முன்பு 30 டிகிரிக்கு மேல் இருந்தது, மிச்சம் வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். என் அண்ணன் அந்த எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் தெரிந்த டாக்டருக்கு அனுப்ப, அவர் கம்பி வைத்துவிடுவது நல்லது என்கிறார். மாமியாரோ புத்தூர் கட்டு போட்டுவிடலாம் என்கிறார். பையன் ராத்திரியில் எழுந்து எழுந்து அழுகிறான். காலாண்டுப் பரீட்சை வேறு வருகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

பதில்: வணக்கம்மா. நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாய்வு, கம்பி, புத்தூர் எல்லாம் இரண்டு நாள் பொறுக்கும். ராத்திரி அழுகை பொறுக்காது.

இதைப் படித்து முடித்ததும் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, கதகதப்பாக இருக்கவேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்பவேண்டும். அவனாகவே விரல்களை மடக்கி நீட்டவேண்டும். அப்புறம், இதுதான் முக்கியம்: நீங்கள் ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிடித்து நிமிர்த்திப் பாருங்கள். லேசாக முகம் சுளித்தால் பரவாயில்லை. அலறினால், அல்லது வலி மருந்து கொடுத்தும் வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது என்று சொன்னால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகிற வழியிலேயே மேலே சுற்றியிருக்கும் துணிக்கட்டையும் அடியிலிருக்கும் பஞ்சையும் தளர்த்திவிடலாம். மாவுப் பலகையை மட்டும் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், முன்கையின் தசைகள் நீளாத உறைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறி, வெளியே கட்டும் இறுக்கினால், தசைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல்கள் கொக்கி போல மடங்கி அப்படியே நின்றுவிடும் இந்த நிலையை ஜெர்மனியின் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே விவரித்து எழுதிவிட்டார். பெரியவர்கள் வலி எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். நிலைகொள்ளாமல் தவிப்பார்கள், எரிச்சல்படுவார்கள், மருந்தை அடிக்கடி கேட்பார்கள். ஆகவே பெற்றோரின் கண்தான் இங்கே கருவி.

பெரும்பாலும் அப்படி இருக்காது. முதல் இரண்டு நாட்களைத் தாண்டிவிட்டீர்கள், அபாயம் அதிகமாக இருந்த காலம் அதுதான். பகலில் விளையாடிக்கொண்டிருந்துவிட்டு ராத்திரி மட்டும் அழுகிறான் என்றால், கை கீழே தொங்கி வீங்குவதும், தூக்கத்தில் புரளும்போது இடிபடுவதும்தான் காரணமாக இருக்கும். கைக்கடியில் இரண்டு தலையணை வைத்து, நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் படுக்கவையுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு வேளை வலி மருந்து கொடுங்கள். எடைக்குத் தகுந்த அளவு முக்கியம்: 20 கிலோ பிள்ளைக்கு பாரசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம், ஐபுப்ரோஃபென் என்றால் சாப்பிட்டபின் 200. பயந்துகொண்டு அரை ஸ்பூன் கொடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். காய்ச்சல் இருந்தால் மட்டும் ஐபுப்ரோஃபென் வேண்டாம், நம் ஊரில் எப்போதும் டெங்குவை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி கெட்டமினுக்கு வருகிறேன். நீங்கள் கூகுளில் தேடியிருப்பீர்கள், கடத்தலில் பிடிபட்ட பொடி என்று செய்தி வந்திருக்கும். அதே மருந்துதான், மறைக்கவில்லை. ஆனால் 1962-ல் உருவாக்கப்பட்டு, 1970 முதல் புழக்கத்தில் இருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. குழந்தைகளின் எலும்பை இழுத்து வைப்பதற்கு என்னைக் கேட்டால் இதைவிடப் பொருத்தமான மருந்து குறைவு. மற்ற மயக்க மருந்துகள் மூச்சை மந்தப்படுத்தும், ரத்த அழுத்தத்தை இறக்கும். கெட்டமின் சரியான அளவில் கொடுத்தால் மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும், வலி மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது. நரம்பில் போட்டால் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை ஏறக்குறைய பழையபடி ஆகிவிடும்.

கண் திறந்திருந்ததும், கருவிழி பக்கவாட்டில் ஆடியிருந்தால் அதுவும் மருந்து பிடித்துவிட்டதற்கான அடையாளம். அவன் உங்களைப் பார்க்கவில்லை. இதை ஊசி போடும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் விட்டது அங்கே நடந்த ஒரு குறைதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெற்றோர் பக்கத்தில் நிற்கலாம், சொல்லாவிட்டால் அந்த முகம் வருஷக்கணக்கில் மனதில் நிற்கும்.

மூளையைப் பாதிக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி, நீங்கள் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் மயக்க மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது உண்மை. அது 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, 3 மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பற்றியது. 7 வயதில் ஒரே ஒரு தடவை, பத்து நிமிடத்துக்கு என்பது அந்தக் கணக்கில் வராது. இந்த மருந்தில் நாங்கள் அஞ்சுவது வேறு: அபூர்வமாக, ஆயிரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு என்கிற அளவில், குரல்வளை ஒரு கணம் இறுகி மூச்சு தடைபடும். அதை உடனே சமாளிக்கத் தெரிந்தவர் தலைமாட்டில் நிற்கவேண்டும். அதனால் எலும்பை இழுப்பவர் ஒருவர், மூச்சைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர், விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி, கைக்கெட்டும் தூரத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். இவ்வளவும் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அந்த அறைக்கு வெளியே என்ன பலகை மாட்டியிருந்தது என்பது முக்கியமில்லை. ஆபரேஷன் தியேட்டர் என்றால் பெரும்பாலும் மறுநாள் வரை காத்திருப்பு, அதுவரை வளைந்த கையோடு ஒரு ராத்திரி, முழு மயக்கம், ஒரு நாள் அட்மிஷன், அதற்கான பில்.

தோசை விஷயம். தியேட்டரில் முழு மயக்கம் கொடுப்பதென்றால் திட உணவுக்கு 6 மணி நேரம் காத்திருப்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வலியோடு துடிக்கும் பிள்ளைக்கு அதே விதியை அப்படியே வைக்கவேண்டியதில்லை என்று அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறும். காத்திருக்கச் சொல்பவர்களும் தப்பில்லை. ஆனால் அடிபட்ட பயத்திலும் வலியிலும் இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடும். விழுவதற்குச் சற்று முன்னால் சாப்பிட்டது 6 மணி நேரம் கழித்தும் உள்ளேயே இருக்கலாம். காத்திருந்து கிடைக்கும் லாபம் நினைப்பதைவிடக் குறைவு.

சரி, 12 டிகிரி. உங்கள் குழப்பத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தையின் எலும்பைப் பெரியவர்களின் எலும்பின் சின்ன சைஸ் என்று நினைத்தால் எல்லாமே தப்பாகத் தெரியும். காய்ந்த வேப்பங்குச்சி பட்டென்று இரண்டாகும். பச்சைக் குச்சி ஒரு பக்கம் நார் பிரிந்து, மறுபக்கம் பட்டை பிடித்துக்கொண்டே வளையும். பிள்ளைகளின் எலும்பு இரண்டாவது ரகம். மேலே தடித்த சவ்வு ஒன்று இருக்கிறது, முழுவதும் உடைந்தாலும் அது பெரும்பாலும் ஒரு பக்கம் கிழியாமல் பிடித்திருக்கும். கையை இழுத்துத் திருப்பி வைக்கும்போது எலும்புகளைத் திரும்பச் சேர்த்துப் பிடிப்பது அந்தச் சவ்வுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. முன்கையின் ரேடியஸ் எலும்பு நீளமாவதில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு தட்டிலிருந்துதான். உங்கள் மகனுக்கு 7 வயது. அந்தத் தட்டு மூடுவதற்கு இன்னும் எட்டு, ஒன்பது வருஷம் இருக்கிறது. வளர வளர அந்தத் தட்டு தன் திசையைத் தானே திருத்திக்கொள்ளும். உடைந்த இடம் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், வயது குறைவாக இருந்தால், சாய்வு மணிக்கட்டு மடங்கி நிமிரும் திசையிலேயே இருந்தால், இந்தத் திருத்தம் நன்றாக நடக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இடமும் வயதும் சாதகம். சாய்வின் திசையை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் இந்த இடத்தில் 20 டிகிரி வரைகூட ஏற்றுக்கொள்வது எலும்பு மருத்துவர்களிடையே வழக்கம்.

நம்பச் சிரமமாக இருந்தால் இதைக் கேளுங்கள். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள 51 குழந்தைகளுக்கு, ரேடியஸின் மணிக்கட்டுப் பக்க முனை முழுவதும் உடைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததை இழுத்துச் சேர்க்கவே இல்லை. மயக்கமும் கொடுக்கவில்லை. சாய்வை மட்டும் மென்மையாகத் திருத்திக் கட்டு போட்டார்கள். எல்லாமே கூடியது, மணிக்கட்டு முழுதாக அசைந்தது. உங்கள் பையனுக்கும் அப்படியே விட்டிருக்கலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. 30 டிகிரிக்கு மேல் வளைந்து, வலியில் துடிக்கும் கையை இழுத்து வைத்ததுதான் நியாயம். 12 டிகிரியைக் கண்டு கலங்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே 12 டிகிரி வேறு பிள்ளையிடம் இருந்தால் நானே வேறு மாதிரி பேசுவேன். உடைந்த இடம் முன்கையின் நட்டநடுவே இருந்தால் தட்டு தூரத்தில் இருக்கிறது, திருத்தம் குறைவு. வயது 12, 13 என்றால் நேரம் போதாது. எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் அது எந்த வயதிலும் தானாகத் திரும்பாது. சோறு எடுத்து வாயில் வைக்கவும், சில்லறை வாங்கக் கையை விரிக்கவும் முன்கை உருளவேண்டும், அது தடைப்படும். தோலைக் கிழித்து எலும்பு வெளியே வந்திருந்தாலோ, கட்டுக்குள் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தாலோ தியேட்டர்தான். மணிக்கட்டுப் பக்கம் என்றால் மெல்லிய கம்பி, நடுப்பகுதி என்றால் எலும்புக்குள்ளே செலுத்தும், வளையும் தன்மையுள்ள டென்ஸ் நெயில் என்ற கம்பி. கம்பி கெட்ட வார்த்தை இல்லை. உங்கள் அண்ணன் கேட்ட டாக்டர் பெரியவர்களுக்கு அன்றாடம் செய்பவராக இருந்தால், அவர் கண்ணுக்கு அந்தப் படம் ஆபரேஷன் கேஸாகத்தான் தெரியும். மேலும் போனில் வந்தது படத்தின் படம். சாய்த்துப் பிடித்து எடுத்திருந்தால் கோணமே மாறிவிடும். அதில் பிள்ளையின் வயதும் எழுதியிருக்காது.

அந்த எக்ஸ்ரேயில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மணிக்கட்டு, முழங்கை இரண்டும் படத்தில் இருக்கிறதா? முன்கையின் ஓர் எலும்பு உடையும்போது மற்றது முழங்கை மூட்டில் நழுவியிருப்பது உண்டு. மிலான் நகரத்து மோன்டேஜியா 1814-லேயே விவரித்தது. உடைந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை விட்டுவிட்டால் பின்னால் பெரிய தலைவலி. உங்கள் மகனுக்கு இரண்டு எலும்பும் மணிக்கட்டுப் பக்கமே உடைந்திருப்பதால் அதற்கு வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் முழங்கை படத்தில் இல்லையென்றால் அடுத்த முறை கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

புத்தூர் கட்டு பற்றி மாமியாரிடம் சண்டை போடவேண்டாம். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டி எத்தனையோ பேருக்குக் கூடியிருக்கிறது என்று அவர் சொன்னால் அது பொய் இல்லை. பிள்ளைகளின் எலும்பு எந்தக் கட்டிலும் கூடும். எப்படிக் கூடும், அதற்குள் ரத்த ஓட்டத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இறுக்கினால் மாவுக்கட்டும் விரலைக் கொல்லும். ஆனால் மாவுக்கட்டு போட்ட இடத்தில் விரலைப் பார்த்து உடனே அறுத்துவிட ஆள் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: இப்போது ஒழுங்காக வைத்திருக்கும் எலும்பை, கட்டைப் பிரித்து எண்ணெய் போட்டு நீவினால், அந்த 12 மறுபடி 30 ஆகும். அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்து டாக்டரைக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, வீட்டுப் பெரியவர்களை உள்ளே விடாத கன்சல்டேஷன்தான் புத்தூருக்குப் பஸ் ஏற்றிவிடுகிறது.

பாதிக் கட்டு என்று நீங்கள் எழுதிய தொனியில் ஒரு குறை தெரிகிறது. அது அரைகுறை வேலை இல்லை. வீக்கம் ஏறும் முதல் நாட்களில் முழுவதும் சுற்றிய கட்டுதான் ஆபத்து, அதனால் ஒரு பக்கம் மாவுப் பலகையும் மேலே துணியும். கட்டு நேராக இல்லாமல் லேசாக வளைந்திருப்பதும் வேண்டுமென்றே செய்தது; அந்தச் சவ்வு இறுக்கமாக நிற்க அந்த வளைவு வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளவென்று ஆகிவிடும். எலும்பு திரும்ப நழுவுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்தான். இந்தப் புதன் அல்லது வியாழக்கிழமை கட்டாயம் ஒரு எக்ஸ்ரே, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. உங்களை வீட்டுக்கு அனுப்பியபோது சீட்டில் இதை எழுதியிருக்கிறார்களா பாருங்கள், இல்லாவிட்டாலும் போங்கள். 12 அப்படியே இருந்தால் முழுக்கட்டாக மாற்றிவிடுவார்கள், மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம். 25, 30 என்று ஏறியிருந்தால் திரும்ப இழுக்கவோ, ஒரு கம்பி போடவோ வேண்டியிருக்கும். எலும்பு இன்னும் இளகியிருக்கும் அந்த வாரத்தில் செய்வது எளிது. மூன்று வாரம் கழித்துப் போனால் அது கெட்டியாகத் தொடங்கியிருக்கும். எனவே ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: இன்றைக்கு வேண்டாம், புதன்கிழமைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு இடையில் ஒரு வார்த்தை. மணிக்கட்டுப் பக்கம் எலும்பு உடையாமல், ஒரு பக்கம் லேசாகப் புடைத்து நிற்கும் சின்ன முறிவு ஒன்று உண்டு, பிள்ளைகளிடம் மிகவும் சகஜம். அதற்கு மாவுக்கட்டே தேவையில்லை. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 965 குழந்தைகளிடம் சாதாரணத் துணிக்கட்டையும் கெட்டியான கட்டையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் வலியில் வித்தியாசமில்லை, பின்னால் கை வேலை செய்வதிலும் இல்லை. அதற்கு முழுக்கை மாவுக்கட்டு போட்டால், ஏன் என்று கேட்கலாம். உங்கள் மகனுக்கு இது பொருந்தாதும்மா, அவனுக்குக் கட்டு அவசியம்.

கட்டு நனையக்கூடாது. குளிக்கும்போது பாலிதீன் உறை மாட்டி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே அரித்தால் ஸ்கேல், பென்சில் விட்டுச் சொறியவிடாதீர்கள். தோல் கிழிந்து புண்ணானால் வெளியே தெரியாது. கட்டு பிரித்ததும் கை மெலிந்து, தோல் உரிந்து, ரோமம் கூடித் தெரியும், பயப்படவேண்டாம். மணிக்கட்டு கொஞ்ச நாள் விறைப்பாக இருக்கும். எண்ணெய் நீவலோ பிசியோதெரபியோ பெரும்பாலும் தேவைப்படாது, விளையாட்டே போதும். மரம் ஏறுவது, சைக்கிள், மதில் சுவர் மட்டும் கட்டு பிரித்தபின் இன்னும் ஆறு வாரமாவது வேண்டாம்.

பள்ளிக்கு இப்போதே அனுப்பலாம், வலி அடங்கியிருந்தால். கழுத்துப் பட்டையில் கையை மாட்டி, வகுப்பில் ஓரமாக உட்காரவையுங்கள், இடைவேளையில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அவன் வலக்கைக்காரன் என்று நினைக்கிறேன். இரண்டாம் வகுப்புக் காலாண்டுக்காக இடக்கையால் எழுதப் பழக்கவேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி, வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.